சாப்பாட்டு ஜெபம்

அன்புள்ள தம்பி அன்புவுக்கு,

வடக்குப்பட்டிலிருந்து அக்கா ஜாஸ்மின் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் நலம். நீ நலமாயில்லை என்று உன் அறையில் தங்கியிருக்கிற வசந்த் வந்து சொன்னதால்தான் எழுதுகிறேன். கம்பெனிக்காரர்கள் போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று சிம் கார்டைக் கழற்றி எறிந்துவிட்டாயாமே. சரி, காகிதம் ஒட்டுக் கேட்காது. கடைசிவரை படி.

உன் மாமாவுக்கு ஒரகடம் கம்பெனியில் மூன்று நாளாக ஓ.டி. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்டவேண்டும் என்று காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. வாழைப்பழமும் பிஸ்கட்டுமாக எத்தனை நாள்டா இருப்பாய்? உரித்துத் தின்பதையும் பிரிக்காத பாக்கெட்டையும் தவிர எதையும் தொடுவதில்லையாம். கேன்டீன் சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் சட்டையைப் பிடித்தாயாம். உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று அவர் அனுப்பிவிட்டார். வசந்த் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு நீ சொன்னாயாம்: "எனக்கு இன்னா நோவு? மாத்திரையே இல்லாம ஒரு வருஷம் நல்லாத்தான இருந்தேன்?"

அதைக் கேட்டதும்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். அந்த ஒரு வருஷம் நீ மருந்தில்லாமல் இருக்கவில்லை அன்பு.

முதல் தடவை உனக்கு இப்படி வந்தபோது, கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடுவாய். நான் டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். காய்ச்சல் வந்தவனுக்குக் காய்ச்சல் தெரியும், இந்த நோயில் அதைத் தெரிந்துகொள்கிற இடமே அடிபட்டுக் கிடக்கிறது, பிடிவாதம் என்று அவனைத் திட்டாதே என்றார். வாசனையில்லாத சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் தெளிந்ததும் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று கண்டிப்பாகவும் சொன்னார்.

நான் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் நீ கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாய் அல்லவா, அந்த நேரத்தில்தான் உன் ரசத்தில் சொட்டு விட்டேன். நீ ஆமென் சொல்வதற்குள் பாட்டில் என் முந்தானைக்குள் போய்விடும். தினமும் இதேதான். நீ தெளிந்தாய், சிரித்தாய், சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தாய். இப்போது சொன்னால் மறுபடி எதையும் தொடமாட்டாயோ என்று பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன்.

இருங்காட்டுக்கோட்டையில் புது வேலை, அங்கேயே அறை என்று பெட்டியைக் கட்டினாயே, அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "பாத்தியாக்கா, மருந்தே இல்லாம நல்லாயிட்டேன். நீங்கதான் என்னைப் பைத்தியம்னு சொல்லிக்கினு இருந்தீங்க" என்றாய். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் இட்லிப்பொடிதான் கட்டிக் கொடுத்தேன். அந்தப் பொடியில் கலந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், பார்த்துக்கொள். நீ அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதமே உனக்குத் தூக்கம் போய்விட்டது என்று வசந்த் சொல்கிறான்.

உனக்கு நோய் இல்லை என்பதற்கான சாட்சியை நானே உன் கையில் கொடுத்தேன். சாப்பாட்டில் யாரோ எதையோ கலந்தார்கள் என்று நீ சொல்வதும் முழுப் பொய்யில்லை. கேன்டீனில் யாரும் கலக்கவில்லை. கலந்தது உன் அக்கா.

இதைப் படித்துவிட்டு நீ இனி என் முகத்தில் விழிக்காமலே போகலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். நோய் என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் வரவில்லை என்பது உனக்கே தெரியும்தானே, அதை மட்டும் டாக்டரம்மாவிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நீயே அரிசி களை, நீயே உலை வை, நீயே பரிமாறிக்கொள். நான் அடுப்புப் பக்கமே வரமாட்டேன். மருந்து பாட்டில் உன் கண்ணெதிரே இருக்கும். எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக. அன்றைக்கு ஜெபத்தை நான் சொல்கிறேன். நீ கண்ணை மூட வேண்டாம், தம்பி. என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் அக்கா
ஜாஸ்மின்