காற்றுக்குழாயில் மஞ்சள் துணி

நவம்பர் 9, ஞாயிறு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. ஒரு வாரமாக என் பழைய பிக்கப் வண்டி விசில் அடித்தது, மேடு ஏறத் திணறியது. மைத்துனன் குமார் ஓட்டித்தான் கெடுத்தான் என்று சொந்தக்காரர்கள் முன்னால் கத்தியிருந்தேன்.

இன்று அவனோடு கிள்ளான் டவுனில் உள்ள வண்டிப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் இன்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாயிலிருந்து ஒரு மஞ்சள் துணியை உருவினார். ஆயுத பூஜையன்று அந்தக் குழாயின் வாய்ப் பக்கம் நான் கட்டியது. அவிழ்ந்து உள்ளே போய் அடைத்திருக்கிறது.

“யாரு பாஸ் இதை இங்க கட்டுனது?” என்று சிரித்தார்.

நான் குனிந்து டயரைப் பார்த்தேன்.

“நான்தாண்ணே,” என்றான் குமார்.

துணியைக் கீழே போடாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வீட்டு வாசலில் இறங்கும்போது, “வண்டி இப்ப நல்லா ஓடுது லா, மச்சான்,” என்றான்.

“ம்” என்றேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்காமலே உள்ளே போனேன்.