மாலை விமானத்தில் முப்பத்திநாலு சீட்

மார்கழி 9, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை எதிர்க்கடை போர்டே தெரியவில்லை. ஷட்டர் மறுபடி பாதியில் மாட்டிக்கொண்டது. நஸீமாவும் நானும் சேர்ந்து தள்ளினோம். இந்த டிராவல்ஸ் கடையில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்.

வேலை:
வைத்தியலிங்கம் சார் பார்ட்டி, பெங்களூர்–திருச்சி, ஏழு சீட், மார்கழி 27 மாலை.
பிரிண்டர் மை.
அம்மாவுக்கு முட்டி வலி மாத்திரை.

வை. சாருக்கு 29ஆம் தேதி திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மார்கழியில் பிறந்தவர், நட்சத்திரம் அன்றைக்குத்தான், தள்ளிப்போட வழியில்லை. மகன், மகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் பெங்களூரில். பொங்கல் கூட்டத்தில் ரயில் டிக்கெட் எப்போதோ முடிந்துவிட்டது. "நீ இருக்கேல்லம்மா, எனக்கென்ன கவலை" என்றார். மயிலாடுதுறையில் என்னிடம் அப்படிச் சொல்ல மிச்சமிருக்கும் பெரிய வாடிக்கை இவர் ஒருவர்தான். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மாலை விமானம் இந்த மாதம்தான் வந்தது. தை பிறந்ததும் வேறொரு கம்பெனி திருச்சிக்கு வருகிறதாம். அவன் காலூன்றக் கூடாதென்று பழைய கம்பெனி காலையோடு மாலையும் ஒன்று விட்டிருக்கிறது. சின்ன விமானம், எழுபது சொச்சம் சீட். போட்டி வந்தால் நமக்கு நல்லதுதானே என்றிருந்தேன். பார்த்தால் மாலையும் ஃபுல். எப்படி?

மார்கழி 10, புதன்

எப்படி என்று தெரிந்துவிட்டது.

காலையில் என் வீட்டுக்காரருடைய பழைய போனில் மெசேஜ். கடை நம்பர் என்பதால் இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். "திரு. சுந்தரமூர்த்தி, ஜனவரி 11 மாலை, பெங்களூர்–திருச்சி. தங்கள் பயணம் இனிதாகட்டும்." நம் கணக்கில் மார்கழி 27.

அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நொடி, வருகிறார் போல என்றுகூடத் தோன்றியது. அசடு. டீ குடித்தேன். அப்புறம்தான் கோபம் வந்தது.

மெசேஜில் இருந்த புக்கிங் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது பேர். அத்தனையும் எங்கள் பழைய கஸ்டமர் ரிஜிஸ்டரில் இருந்த பேர்கள். மூன்று பேர் செத்தவர்கள். புக் செய்தது சீர்காழி ரகுபதி. (இனி ர. முழுப் பேரும் எழுத மை வீண்.)

கூட்டமாக எடுத்தால் ஏதோ பேர்களைக் கொடுத்து சீட்டைப் பிடித்து வைக்கலாம், ஆள் கிடைத்ததும் பேரை மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன். உயிரோடு இருப்பவர்கள் பேரில்.

ர. என் வீட்டுக்காரருடைய பார்ட்னராக இருந்தவன். ஆறு வருஷம் இதே கடையில் உட்கார்ந்து என் கையால் காபி குடித்தவன். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஏஜென்சியைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, ரிஜிஸ்டரையும் தூக்கிக்கொண்டு சீர்காழியில் கடை போட்டவன். ஏஜென்சி போனது, ரிஜிஸ்டர் போனது, இப்போது பேரையும் எடுத்துக்கொண்டான்.

விட மாட்டேன்.

மார்கழி 12, வெள்ளி

சீரகம் தீர்ந்துவிட்டது. ரசம் வாயில் வைக்க முடியவில்லை.

ர. போன் செய்தான்.

"அண்ணி, வைத்தியலிங்கம் சாருக்கு சீட் தேடுறீங்களாமே. என்கிட்ட கேட்டா குடுக்க மாட்டேனா?"

"எத்தன வச்சிருக்கீங்க?"

"உங்களுக்கு எத்தன வேணும்? சீசன் பாருங்க, கொஞ்சம் மேல ஆகும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தது:
அவன் பெண்டாட்டியிடம் போய்ச் சொல்வது. (பாவம், அவள் என்ன செய்வாள்.)
அவன் போர்டில் சாணி அடிப்பது. (ஆசையாக இருக்கிறது.)
திருச்சிக்குப் போய் விமானக் கம்பெனி ஆபீசில் புகார் கொடுப்பது.

நஸீமா: "அக்கா, ஏழு சீட்ட வாங்கிக் குடுத்துட்டு சும்மா இருங்கக்கா. மத்தத பொங்கலுக்கு அப்பறம் பாத்துக்கலாம்."

அவள் சொல்வது சரி. சரியாக நடந்துகொள்ளும் மனநிலையில் நான் இல்லை.

மார்கழி 15, திங்கள்

திருச்சி. கும்பகோணம் தாண்டும் வரை நின்றுகொண்டே பயணம். இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நிற்கிறது.

கம்பெனி ஆபீசர் சின்ன வயசு, டை கட்டியிருந்தார். "எல்லா ஏஜென்டும் பண்றதுதான் மேடம் இது." என் வீட்டுக்காரருடைய இறப்புச் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தேன். வாசித்தார். டையைத் தளர்த்திக்கொண்டார். தட்டிக்கொண்டே போனார். "பொங்கல் வரைக்கும் தெனமும் முப்பத்திநாலு சீட் மேடம். எல்லாம் இதே கதை." அங்கேயே தூக்கினார். ர. டிக்கெட் போடும் ஏஜென்ட் நம்பரையும் ஒரு மாதத்துக்கு நிறுத்திவைத்தார்.

அதே நாற்காலியில் உட்கார்ந்து வை. சாருக்கு ஏழு சீட் போட்டேன். ஜன்னலோரமாகப் பார்த்து.

திரும்பும்போது பூ வாங்கினேன். யாருக்கு என்று தெரியவில்லை, வாங்கினேன். இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. இதை எழுத வெட்கமாக இல்லை.

மார்கழி 16, செவ்வாய்

ர.விடமிருந்து பதினோரு மிஸ்டு கால். எடுக்கவில்லை. அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிட்டேன்.

டீக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம்: "சீர்காழி டிராவல்ஸ்காரன் கடையில ஒரே கூச்சலாம். காசு வாங்கிட்டு டிக்கெட் இல்லங்குறானாம்." இன்னொரு டீ சொன்னேன், முழுசாகக் கேட்க.

மார்கழி 22, திங்கள்

மழை மூட்டம். மாலை விமானம் ரத்து. 27 மட்டும் இல்லை, அடியோடு.

ஆபீசருக்குப் போன் அடித்தேன். "மேடம், அந்த முப்பத்திநாலு போனதும் ஃபிளைட் பாதி காலி. ஃபுல்லுன்னு பாத்துட்டு ஜனங்க ஏற்கனவே பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. மேலிடத்துல நம்பர் பாத்தாங்க, தூக்கிட்டாங்க."

"புது கம்பெனிக்குப் போட்டியாத்தானே விட்டீங்க?"

"திருச்சியில அவ்வளவு ஆளே இல்லன்னு அவங்களும் தள்ளி வச்சுட்டாங்க மேடம். இனிமே யாரோட போட்டி?"

காலை விமானத்தில் ஒரு சீட்கூட இல்லை. அப்படியென்றால் செத்தவர்களை நம்பித்தான் அந்த விமானம் பறந்திருக்கிறது. இறக்கியது நான்.

வை. சாரிடம் சொன்னேன். திட்டவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

மார்கழி 23, செவ்வாய்

பஸ், ரயில், கார். தெரிந்த டிரைவர் எல்லோரும் ஐயப்ப சாமிகளை ஏற்றிக்கொண்டு சபரிமலை. ஒன்றும் இல்லை.

மார்கழி 25, வியாழன்

வை. சார் போன். குரலில் உற்சாகம்.

"கவலப்படாதம்மா. ரகுபதி தம்பி தன் ஆளுங்களுக்கு பெங்களூர்லேந்து ஒரு ஏசி பஸ் பேசியிருக்காரு. எங்க ஏழு பேருக்கும் எடம் போட்டுட்டாரு. மேல ஒரு பைசா வேணான்னுட்டாரு. தங்கமான புள்ள."

நல்லது சார் என்றேன்.

மார்கழி 29, திங்கள். போகி

ஊரெல்லாம் டயர் புகை. திருக்கடையூர் போனேன், போகாமல் இருந்தால் பொறாமை என்பார்கள்.

வை. சார் மாலையும் கழுத்துமாக, பக்கத்தில் மாமி. கலச நீர் ஊற்றும்போது ஏழு பேரும் சுற்றி நின்றார்கள். பேத்திக்குப் பட்டுப்பாவாடை. நல்லபடி வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதுவரை சந்தோஷம்.

அப்புறம் ர.வைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். "இவரு இல்லன்னா எம் புள்ளைங்க இன்னிக்கு இங்க இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கைதட்டினார்கள். நானும்.

பந்திக்கு வெளியே ர. வழிமறித்தான். பொன்னாடையைக் கழற்றவே இல்லை.

"அண்ணி, திருச்சியில போய் சொன்னது நீங்கதான்னு தெரியும். அண்ணன் பேர நான் போட்டிருக்கக் கூடாது, தப்புதான். நீங்க பண்ணுனத நானும் மனசுல வச்சுக்கல. மறந்துட்டேன்."

கும்பிட்டான். கண்ணில் ஈரம்கூட இருந்தது. நடிப்பென்று சொல்லலாம் என்று உற்றுப் பார்த்தேன். நடிப்பில்லை.

என்னை மன்னித்துவிட்டானாம். அவன்.