வெயிலில் வளைந்த மூடி

அடையாறு தாண்டி இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பட்டறைக்கு நேற்றுக் காலை மறுபடி போனேன். கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டுகளும் உடைந்த வாளிகளும் எண்ணெய் கேன்களும் இயந்திரத்துக்குள் போய்க் கூழாகி அச்சில் இறங்கிக்கொண்டிருந்தன. அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை. நாம் இரண்டு பேரும் முதல் தடவை அங்கே போனபோது நீ மூக்கை நீட்டி முகர்ந்துவிட்டு, "பூசை முடிஞ்ச கோயில் மாதிரி கீது மச்சி" என்றாய். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவனுக்கு மெழுகு வாசனை என்றால் மாதா கோயில். எனக்கு அது வெறும் பாலிஎதிலீன். எத்தனை டிகிரியில் இளகும் என்று கேட்கவேண்டிய இடத்தில் வாசனை பிடித்துக்கொண்டிருக்கிறானே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் பட்டறைக்காரர் உன்னைப் பார்த்துத்தான் சிரித்தார். டீயும் உனக்குத்தான் முதலில் வந்தது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். உன்னை இழந்து வாடுகிறேன் என்று எழுத நிறையப் பேர் இருந்தார்கள், எழுதியும் விட்டார்கள். எனக்கு உன் மேல் பொறாமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் தெரியுமா? நீ இனிமேல் தப்பே செய்யமாட்டாய். எனக்குத்தான் தினமும் ஒன்று நடக்கிறது.

கல்லூரியில் நான் முதல் மூன்று பேருக்குள் வருவேன். நீ திரவவியல் தாளை மூன்று முறை எழுதினாய். பிறகு இரண்டு பேரும் ஒரே நாளில், மழைநீர் வடிகால் வடிவமைக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் சேர்ந்தோம். ஆறே மாதத்தில் எல்லாரும் எதற்கும் உன்னைத் தேட ஆரம்பித்தார்கள். கணக்கு வேண்டுமென்றால் மட்டும் என் மேஜைக்கு வந்தார்கள், அகராதி புரட்ட வருவது போல.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் உள்ள அந்தக் குறுக்குத் தெரு வேலை வந்தபோது, இது என்னுடையது என்று நினைத்தேன். ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீர் நிற்கும் தெரு. சாலையோரத்தைத் தோண்டி, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த கூடைப் பெட்டிகளை அடுக்கி, துணி சுற்றிப் புதைப்பது. மழைத்தண்ணீர் தெருவோர வடிகால் வாய்கள் வழியாகப் பெட்டிகளுக்குள் இறங்கித் தங்கி மெல்ல மண்ணுக்குள் போவது. அந்தப் பக்கம் மண் மணல்தான். ஊற்றினால் குடித்துக்கொள்ளும். எவ்வளவு மழை, எத்தனை பெட்டி, எவ்வளவு நேரத்தில் வடியும், எல்லாம் போட்டு முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு கணக்குப் போட்டதில்லை.

நீ அதைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குப் போனாய். மத்தியானம் திரும்பி வந்து, "மச்சி, உன் கணக்குல மழை கீது, மண்ணு கீது. சாக்கு எங்க கீது?" என்று கேட்டாய்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன். நீ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு எதிரிலும் வடிகால் வாய்மேல் ஒரு சாக்கு, அதன்மேல் ஒரு கல். கொசு வரும், நாற்றம் வரும் என்று வருஷக்கணக்காக மூடி வைத்திருக்கிறார்கள். மழை வலுத்தபின் யாரும் குடை பிடித்துக்கொண்டு வந்து கல்லை நகர்த்தப்போவதில்லை. ஒரு ஈரச் சாக்கு என் கணக்கு முழுவதையும் பூஜ்யத்தால் பெருக்கிவிட்டது. கடைசி வீட்டு மாமியிடம் நான் விஞ்ஞானம் பேசப் போனேன். "சாக்கை எடுத்தா கரப்பான் நேரா சமையலுள்ளுக்கு வந்துடறது. உங்க இன்ஜினியரிங்கை நீங்களே வச்சுக்கோங்கோ" என்றார். எனக்கு முகம் சுருங்கியது. நீ சிரித்துக்கொண்டே அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து, கரப்பான் எந்த வழியாக வருகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தாய். காபி வந்தது. அதுவும் உனக்குத்தான் முதலில்.

நான்கு நாளில் அந்த மூடியைக் கொண்டுவந்தாய். வடிகால் வாயின் மேல்விளிம்பில் ஒரு கீல், அதிலிருந்து தொங்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தண்ணீர் வந்து தள்ளினால் உள்பக்கம் திறக்கும். வடிந்ததும் தானாக விழுந்து மூடிக்கொள்ளும். நாற்றம் வராது, கரப்பான் வராது, சாக்குக்கு வேலையில்லை. அதே பால் பாக்கெட், அதே பட்டறை. இரும்பில் செய்யலாமே என்றேன். "இரும்புன்னா ஒரே வாரத்துல காயலான் கடைக்குப் பூடும்டா" என்று சிரித்துவிட்டு, "இதை எவன் தூக்கினு போவான் சொல்லு" என்றாய். யாரும் தூக்கமாட்டார்கள். எனக்கு அதுவும் தோன்றவில்லை.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் அலுவலகத்தின் வழக்கம் உனக்குத் தெரியும். எந்த வரைபடமும் இரண்டு கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் நீ போட்டாய். சரிபார்த்தவர் என்ற கட்டம் என்னுடையது. நான் ஒழுங்காகவே சரிபார்த்தேன். பட்டறையிலிருந்து ஒரு தட்டை வாங்கிவந்து, தி. நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு செங்கல் மேல் குறுக்கே வைத்தேன். மேலே எந்தப் பாரமும் வைக்கவில்லை. ஒரு வாரம். நடுப்பகுதி தொய்ந்து இறங்கிவிட்டது. ஆகஸ்ட் வெயிலுக்கே இப்படியென்றால் கத்திரி வெயிலில் என்ன ஆகும்? உன் மூடிக்கு நடுவில் ஒரே ஒரு கீல். இரண்டு ஓரமும் வளைந்து சட்டத்தில் சிக்கிக்கொள்ளும், திறக்காது. தட்டு வளையாமல் தாங்கப் பின்பக்கம் இரண்டு வரிக்கட்டை போட்டு, கீலை இரண்டாக்கினால் போதும். சிவப்பு மையில் பத்து நிமிட வேலை.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தேன். உன் மேஜையைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்தார்கள். நீ மாமியைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாய். தலைமைப் பொறியாளர் சார் உன் தோள்மேல் கைபோட்டு நின்று சிரித்தார். என்னோடு அவர் நின்றதே இல்லை. நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். கோடை வரட்டும், எல்லாருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷ மழையில் பக்கத்துத் தெருக்களில் வண்டிகள் மிதந்தன. நம் தெருவில் செருப்பு நனைந்ததோடு சரி. கொட்டுகிற மழையில் அங்கே நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தாய். வரிசையாகத் திறக்கிறது மச்சி என்று கத்தினாய். நான் வண்டல் சேருமே, யார் அள்ளுவது என்று கேட்டேன். அதற்கு நீ, "ஒரு தபா நல்லா கீதுன்னு சொல்லேன்டா. வாய் வலிக்குமா?" என்றாய்.

"மே மாசம் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

நீ சிரித்தாய். அதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஏன் மே மாசம் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே கொட்டியிருப்பேன். நீ கேட்கவில்லை. நான் சொன்னதில் உள்குத்து இருக்கும் என்று உனக்குத் தோன்றவே தோன்றாது. அதற்கும் எனக்கு உன் மேல் கோபம்தான்.

பொங்கல் முடிந்த வாரம், அடையாறு சிக்னலில் ஒரு லாரி. மருத்துவமனைக்கு நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடக்கத்தன்று சாந்தோம் கோயிலுக்கு வெளியே சாலை வரை கூட்டம். பட்டினப்பாக்கத்து மீன்காரப் பெண்கள், பட்டறையில் பிளாஸ்டிக் பிரிக்கிறவர்கள், மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வந்த அந்த மாமி. நான் உனக்காக அழுதேன். அழுதுகொண்டே, எனக்கு எத்தனை பேர் வருவார்கள் என்றும் எண்ணிப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

மே மாதம் வந்தது. உச்சி வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். வேறு யாரும் கவனிக்கும் முன் நான் பார்க்க வேண்டும் என்று இருந்தது. மேற்குப் பார்த்த வரிசையில் இருந்த மூடிகள் எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு, சட்டத்தைக் கவ்விக்கொண்டு நின்றன. ஒன்றைக் காலால் தள்ளினேன். அசையவில்லை. என் கணிப்பு அச்சுப் பிசகாமல் அப்படியே நடந்திருந்தது. சந்தோஷம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அரை நிமிஷம் இருந்திருக்கும். அதை உன்னிடம் சொல்லிக்காட்டத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவும் வழியில்லை. நான்தான் அப்போது சொல்லவில்லையே.

ஜூனில் ஒரு சாயங்காலம் திடீர் மழை. மூடிகள் திறக்கவில்லை. மாமி வீட்டு இரண்டாம் படி வரை தண்ணீர். மறுநாளே சாக்குகள் திரும்பி வந்துவிட்டன. இந்த முறை மூடியையும் சேர்த்து மூடி, மேலே கல்.

அந்த வாரம் அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. யாரும் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நல்ல பையன், பாவம், மெட்டீரியல் பற்றித் தெரியாது என்று ஆளாளுக்கு மெதுவாகப் பேசினார்கள். அடுத்து தி. நகரில் எடுக்கவிருந்த தெருக்களுக்கு மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கே வேண்டாம், பழையபடி சிமென்ட் கால்வாய் போட்டுவிடலாம் என்று முடிவாகிக்கொண்டிருந்தது. பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை. மூடியோடு சேர்த்து அவற்றையும் தூக்கி எறியப் போகிறார்கள். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "வடிவமைப்பாளரின் அனுபவக் குறைவு" என்று எழுதச் சொன்னார் சார்.

இன்னும் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்திருந்தால் போதும். நான் எல்லா விதத்திலும் ஜெயித்திருப்பேன். நீ எழுந்து பதில் சொல்லப் போவதில்லை.

"சார், சரிபார்த்தது நான். இது வளையும்னு எனக்கு ஆகஸ்ட்லயே தெரியும்" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சா ஏன்யா சொல்லலை?"

தொழில்நுட்பமாக ஒரு பதில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. "பொறாமை சார்" என்றேன்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். சார் களைத்துப்போன குரலில், "இதை ரிப்போர்ட்ல எப்படிய்யா எழுதறது?" என்றார்.

சரிபார்ப்பில் தவறு என்று எழுதினோம். பெயர் என்னுடையது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்னோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. அது நியாயம்தான். மழைக்காலத்துக்கு முன் அந்த மூடிகளைச் சரிசெய்து காட்டினால் தி. நகர் வேலையை யோசிக்கலாம் என்று சார் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். பட்டறைக்காரர் ஒரு மணிநேரம் என்னை நிற்க வைத்துவிட்டுத்தான் பேசினார். பின்பக்கம் வரிக்கட்டை, இரண்டு கீல், ஓரத்தில் விரல் இடைவெளி, வெயிலை அவ்வளவாக இழுக்காத வெளிர் நிறம். இதெல்லாம் எனக்கு வரும். தெருவில் வீடு வீடாகப் போய்ச் சாக்கை எடுங்கள் என்று கேட்பதுதான் வரவில்லை. ஏழு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். எட்டாவது வீட்டில்தான், கரப்பான் எந்த வழியாக வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும் என்பது உறைத்தது.

இந்த ஐப்பசி மழையில் மூடிகள் திறந்தன. நான் அங்கே நின்று பார்த்தேன். கடைசி வீட்டு மாமி ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். "பாத்தேளா, அந்தப் பையன் போட்டுட்டுப் போன மூடி இன்னிக்கும் எப்படி வேலை செய்யறதுன்னு. நன்னா இருக்கணும், எங்க இருந்தாலும்" என்றார்.

வரிக்கட்டை நான் போட்டது மாமி, கீல் நான் மாற்றியது மாமி என்று வாய்வரை வந்தது. "ஆமா மாமி, அவன்தான்" என்றேன். வயிறு எரிந்தது. வீடு போய்ச் சேரும்வரை எரிந்தது. அந்த மழையில் நனைந்தும் அணையவில்லை.

தி. நகர்த் தெருக்கள் பிளாஸ்டிக் பெட்டிக்கே வந்துவிட்டன. நேற்று பட்டறைக்குப் போனது அதற்காகத்தான். அந்த வரைபடங்களைப் போடுவது போன மாதம் சேர்ந்த ஒரு பெண். கெட்டிக்காரி. சார் அவள் மேஜைப் பக்கம் அடிக்கடி நிற்கிறார். திங்கட்கிழமை அவளுடைய தாள் ஒன்று சரிபார்க்க என்னிடம் வந்தது. மூன்றாவது பெட்டி வரிசையில் சரிவு தலைகீழாக இருந்தது. கண்ணில் பட்ட அந்தக் கணத்திலேயே உள்ளே ஒரு இனிப்பு ஊறியது. எனக்கு அந்த ருசி நன்றாகத் தெரியும். உடனே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய் அவளிடம் காட்டினேன்.

இப்போதெல்லாம் அப்படித்தான். குறை தெரிந்ததும் எழுந்துவிடுகிறேன். உட்கார்ந்திருந்தால் எனக்கு அது பிடித்துவிடும்.