அந்தப் பஞ்சு யார் காதுக்கு, அத்தான்?

என் ஆசை அத்தானுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். போன இடத்தில் தறிச் சத்தம் இல்லாமல் நிம்மதியாகத்தான் இருப்பீர்கள். இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை, வெறும் விசாரணை. உங்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. "உனக்கு எப்பதான்ட்டி சந்தேகம் வரல?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரிக்காமல் முழுசாகக் கேளுங்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. நம் மகள் வளர்மதி காலேஜ் முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறாள். கோச்சிங் சென்டருக்குப் போகச் சொன்னேன். "வீட்டுலயே படிச்சுக்கிடுதேம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் போயி மாதிரிப் பரீட்சை எழுதிட்டு வாரேன்" என்றாள். சரி, ஒரு வருஷம் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? வாய்விட்டுப் படிக்க வேண்டும். முன்னறையில் தையல் மிஷினில் நான் உட்கார்ந்திருந்தால், உள்ளறையிலிருந்து சத்தம் என் காதுக்கு வர வேண்டும். அவள் ஒன்றாம் வகுப்பு படித்த நாளிலிருந்து நம் வீட்டுச் சட்டம் அதுதானே.

சத்தம் வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் வாய் படிக்கிறது, மனசு எங்கே இருக்கிறது? கதவைச் சாத்திக்கொண்டுதான் படிப்பேன் என்கிறாளே, ஏன்? அவள் சாப்பிட வெளியே வந்ததும் நான் உள்ளே போய்ப் போனின் முதுகைத் தொட்டுப் பார்ப்பேன். எப்போதும் சூடு. பேனாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மை விறுவிறுவென்று குறைந்துகொண்டே வந்தது. வாய்விட்டுப் படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இத்தனை மை? யாருக்குக் கடிதம்? இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்பீர்கள். நான் எழுதவில்லையா?

இந்த லட்சணத்தில் வத்திராயிருப்பிலிருந்து எங்கள் அண்ணன் ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நல்ல குடும்பம். "ஏட்டி செல்வி, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள படிக்காளா, போனை நோண்டுதாளா, நீ கண்டியா? திங்கக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லு. அவிய ரொம்ப நாள் காத்திருக்க மாட்டாவ" என்றார். பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம். அவள் நிஜமாகப் படிக்கிறாள் என்றால் இப்போது வேண்டாம் என்று சொல்லலாம். ஏமாற்றுகிறாள் என்றால் தட்டு மாற்றிவிட வேண்டியதுதான். நீங்கள் இல்லாமல் இந்தத் தீர்ப்பை நான் ஒருத்தி எப்படிச் சொல்வேன்?

புதன்கிழமை காலையில், சரி என்று சொல்லித் தொலைப்போம் என்று போனை எடுத்தேவிட்டேன். அதற்குள் ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஒருத்தி வந்தாள், போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அவள் வந்திருக்காவிட்டால் இந்நேரம் தட்டு மாற்றி முடிந்திருக்கும்.

அவள் போனதும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாளையக்காரர் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் குக்கர் விசில் அடித்தது. நான் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை, பழைய சோறு கிடந்தது. எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல் கத்தியது: "ஏட்டி வளரு, மாவு பொங்கி வழியுது, வந்து பாருட்டி!"

அது என் குரல், அத்தான். நான் வாயை மூடிக்கொண்டு வெளியே நிற்கிறேன், என் குரல் உள்ளேயிருந்து கத்துகிறது! செத்த நேரம் கழித்துத்தான் விளங்கியது. வாசிப்பது போன். என்றைக்கோ பதிந்து வைத்ததை ஓடவிட்டிருக்கிறாள். அடிப்பாவி! அப்படியென்றால் ஆள் எங்கே? பின்வாசல் வழியாகப் போய்விட்டாளா? யாரோடு? கதவை ஒரே தள்ளாகத் தள்ளினேன்.

உள்ளேதான் இருந்தாள். எனக்கு முதுகைக் காட்டித் தரையில் சம்மணம் போட்டிருந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. புத்தகம் மூடிக் கிடந்தது. கண்ணை மூடி யோசிப்பாள், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மளமளவென்று எழுதுவாள். எழுதி முடித்துப் புத்தகத்தைத் திறந்து, தப்பைச் சிவப்பில் சுழிப்பாள். போன் மட்டும் ஜன்னலில் உட்கார்ந்து எனக்காக வாசித்துக்கொண்டிருந்தது. தோளைத் தொட்டதும் துள்ளி விழுந்தாள்.

"என்னட்டி நாடகம் இது?"

பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "எம்மா, வாய்விட்டுப் படிச்சா எனக்கு ஒண்ணுமே ஏற மாட்டேங்கு. புஸ்தகத்தை மூடிட்டு எழுதிப் பார்த்தாத்தான் மனசுல நிக்கி. சத்தம் வரலைன்னா நீ பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்குத. அதான், சத்தத்தை உனக்குக் குடுத்துட்டேன்."

உடனே நம்பிவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? புத்தகத்தைப் பிடுங்கி நடுவில் பிரித்துக் கேட்டேன். சொன்னாள். கடைசிப் பாடத்தில் கேட்டேன். சொன்னாள். ஒரு கேள்விக்கு மட்டும் "தெரியலம்மா" என்றாள். அந்த ஒன்றுதான் என்னைக் கொஞ்சம் நம்ப வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நானும் பஸ் ஏறினேன். "நீ எதுக்கும்மா?" என்றாள். கோயிலுக்கு என்றேன். கோயில் பக்கமே போகவில்லை. பரீட்சை நடந்த மண்டபத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் மூன்று மணி நேரம், பார்வையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மார்க் ஒட்டினார்கள். நான் பட்டியலைக் கீழேயிருந்து தேடிக்கொண்டு வந்தேன். தேடித் தேடி மேலே போய், ஏழாவது பெயராக வளர்மதி! பெற்ற பிள்ளையைக் கீழேயிருந்து தேடியிருக்கிறேனே என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

இனிமேல்தான் உங்கள் விஷயம். ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அப்பாவுக்குத் தெரியும்மா. நான் பன்னெண்டாவது படிக்கையிலேயே கண்டுபிடிச்சுட்டாவ. 'உங்கம்மாவுக்குச் சத்தம் வேணும், குடுத்துரு. உனக்குப் படிப்பு வேணும், எடுத்துக்க'ன்னாவ. பஞ்சு வாங்கித் தந்ததே அவியதான்."

நீலத்தாள் சுற்றிய அந்தப் பஞ்சுக் கட்டு! சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற இடத்திலிருந்து கொண்டுவந்து, "தறிச் சத்தத்துல காது வலிக்கி செல்வி" என்று பீரோவில் வைத்தீர்களே! நானும் நம்பி, பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி உங்கள் காதில் விட்டேனே! வலியே இல்லாத காதை என் மடியில் சாய்த்துக்கொண்டு படுத்திருந்தீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லை? "கேட்டியா, பிள்ளை என்னமாப் படிக்கா" என்று என்னிடமே பெருமையடித்தீர்களே, அதுவும் நடிப்பா? போனைத் தொட்டுப் பார்க்கிறவள், பேனா மையை அளக்கிறவள், உங்களை மட்டும் ஒரு நாளும் சோதித்ததில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன், அது உண்மைதான். ஆனால் ஒன்று. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் ஓயாமல் கேட்ட மனுசக் குரல் அந்த அறையிலிருந்து வந்தது மட்டும்தான். படிப்புக்காக மட்டுமா எனக்கு அது வேண்டியிருந்தது? பிள்ளைக்கும் அது தெரிந்திருக்குமோ?

திங்கட்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டேன். "பரீட்சை முடியட்டும்ண்ணே. பொறவு பாப்போம்" என்றேன். "அவ படிக்காளா? நீ கண்டியா?" என்று சத்தம் போட்டார். "கண்டேன்" என்றேன். கோபமாக வைத்துவிட்டார்.

இப்போது உள்ளறையில் சத்தமே இல்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மிஷினைக் கொஞ்சம் வேகமாக மிதித்துக்கொள்கிறேன். இனி கதவில் காது வைக்க மாட்டேன், எட்டிப் பார்க்க மாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம். இன்று ஒரே ஒரு தடவை பார்த்தேன். காதில் இருப்பது பஞ்சுதானா, பாட்டுக் கேட்கிற இயர்போனா என்று தெரிய வேண்டாமா? பஞ்சுதான்.

உங்கள் கட்டு தீரப் போகிறது, அத்தான். நாளைக்கு நானே போய்ப் புதுசு வாங்கி, என் கையால் அவளிடம் கொடுப்பேன். நான் உங்களிடம் வந்து சேரும் நாளில் எண்ணெயும் காய்ச்சிக் கொண்டு வருவேன். காதைக் காட்டிக்கொண்டு படுங்கள். வலிக்கிற மாதிரி நடித்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு உங்களிடம் மட்டும் ஏமாந்த
உங்கள் மாமன் மகள்
செல்வி