வெட்டி எறிந்த வெள்ளைக் கோடு

ஜூன் 4

அண்ணா அண்ணா அண்ணா, நீ அனுப்புன கிராஃபீன் படத்தை என் பக்கத்துல போட்டேன், ஒரே நாள்ல நாப்பதாயிரம் பேர் பாத்துட்டாங்க!

இரிடியம்ங்கிற உலோகத்தைச் சூடாக்கி வாயுவை விட்டா, மேல ஒரே ஒரு அணு தடிமனுக்குக் கரி படரும், அதுதான் கிராஃபீன்னு நீ சொன்னதை அப்படியே எழுதினேன். கூடவே, "பாருங்க, ஒவ்வொரு மேடும் ஒரு கரியணு!"ன்னு நானா சேர்த்தேன். படம் சதுரமா வரலை, கீழ் ஓரத்தை மட்டும் வெட்டினேன். யார்கிட்டயும் காட்டாதன்னியே, அது சும்மாதானே? ஒரு லைக்காவது போடேன். சாப்பிட்டியா?

உன் வாலு

ஜூன் 6

வாலு,

சாப்பிட்டேன். கோவம் இல்லைன்னு எழுதி ரெண்டு தடவை அழிச்சேன்.

அந்த மேடு அணு இல்லைம்மா. நம்ம ஜன்னல் கொசுவலை ரெண்டா மடிஞ்சா பெரிய பெரிய கட்டமாத் தெரியுமே, அந்த மாதிரி. மேல கரிக்கட்டம் பத்து போனாத்தான் கீழ இரிடியம் அணு ஒன்பதோட பொருந்தும். பொருந்தாத இடத்துல கரி ஏறி இறங்கும். ஒரு மேட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அந்தப் பத்துக் கட்டத் தூரம். நீ வெட்டின கீழ் ஓரத்துல இருந்த வெள்ளைக் கோடுதான் அளவுகோல், படத்துல எது எவ்வளவு பெருசுன்னு அதுதான் சொல்லும். அது இருந்தா யாரும் ஏமாந்திருக்க மாட்டாங்க.

இன்னும் வெளியிடாத படம் அது. எங்க லேப் மேடம் எல்லார் முன்னாடியும் போனை நீட்டி, "உங்க தங்கச்சியா? அணுவுக்கும் மேட்டுக்கும் உங்க வீட்ல யாருக்கும் வித்தியாசம் தெரியாதா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் நான் நுண்ணோக்கியைத் தொடக் கூடாதாம். மூணு வருஷ வேலை, வாலு.

ஒண்ணு மட்டும் சொல்லு. அளவுகோல் எங்கன்னு ஒருத்தர்கூடவா கேக்கலை?

அண்ணா

ஜூன் 10
(என் பக்கத்துல, எல்லாரும் பாக்குற மாதிரி)

அன்புள்ள அண்ணா,

கேட்டாங்க. முதல் ஒரு மணி நேரத்துலயே ஒருத்தர், "அளவுகோல் எங்கம்மா?"ன்னார். அப்படின்னா என்னன்னே எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெக்கம். "பொறாமை பிடிச்ச அங்கிள்"னு பதில் போட்டு, அவரை பிளாக் பண்ணிட்டேன். அறுநூறு பேர் சிரிச்சாங்க. நானும்தான்.

இதை ஏழாம் தேதியே உனக்குத் தனியா அனுப்பினேன். நீ படிச்சுட்டேன்னு காட்டுது, பதில் இல்லை. சரிதான். ஊரைக் கூட்டி உன்னை மாட்டிவிட்டுட்டு, காதோட காதா மன்னிப்பு கேட்டா எப்படி? உங்க மேடத்துக்கும் எழுதிட்டேன்: அண்ணா வேணாம்னுதான் சொன்னாரு, நான்தான் போட்டேன்னு. நீ எப்போ பதில் போட்டாலும் சரி, போடலைன்னாலும் சரி.

படிக்கிறவங்களே, படத்தை எடுத்துட்டேன், உங்ககிட்ட இருந்தா அழிச்சுடுங்க. அந்த அங்கிளைத் தெரிஞ்சா, அவர் கேட்டதுதான் சரின்னு சொல்லுங்க. அன்னிக்குப் பகிர்ந்த அத்தனை பேரும் இதையும் பகிருங்க. ஆனா கீழ் ஓரத்தை வெட்டிடாதீங்க, தப்பு யாரோடதுன்னு அங்கதான் இருக்கு.

தப்பு பண்ணினவ,
வாலு