பார் வைத்த வண்டி

மச்சான்,

இன்று காலை என்னை ஒரு சைக்கிள் கடையிலிருந்து வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஆனால் சொன்னவன் கையில் ஸ்பானர் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளைக்கு வண்டி வாங்க, விஷயம் தெரிந்த பெரிய மனுஷன் வேண்டுமென்று என்னை அழைத்துப்போனார். போனேன். பழைய வண்டி ஒன்றின் முன் நின்றேன், குனிந்தேன், ஹேண்டிலை நக்கினேன். நாக்கில் ஏறிய உப்பை வைத்து எண்ணூரில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஒரு மாதம் ரசம் வைக்கலாம். "வேணாம், இது கடற்கரை வண்டி, உள்ள துரு" என்று தீர்ப்புச் சொன்னேன். அதற்குள் ஸ்பானர் வந்துவிட்டது. "எங்க மச்சான் இப்டித்தான் பாப்பாரு" என்றேன். கடையில் யாரும் உன்னைத் தெரிந்தவர்கள் இல்லை.

நீ போய்ச் சேர்ந்து மூன்று ஐப்பசி ஆகிறது. உப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன். ஒரு பழைய கணக்கு, இல்லை, கணக்கு என்று சொன்னால் நீ எழுந்து ஓடிவிடுவாய், ஒரு பழைய திருட்டுத்தனத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய மறு வருஷம். உன் ஒரே பெண் அஞ்சலை ஐந்தாவது தேறிவிட்டாள். அதற்கு மேல் படிக்கத் திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து ராயபுரம் போகவேண்டும். மூன்று மைல். உன் வீட்டுக்காரி, அதாவது என்னைப் பெறாமல் வளர்த்த என் அக்கா, கருவாட்டுக் கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு அவ வண்டில ஏறிப் போனா படிக்கட்டும். இல்லேன்னா இத்தத் தூக்கிகினு என்கூட வரட்டும்."

அக்கா குரலை உயர்த்தினால் கடல் ஓர் அடி பின்வாங்கும். உனக்குச் சொல்லவேண்டியதில்லை, குடும்பம் நடத்தியவன் நீ. கையில் ஒரு வண்டிக்குத்தான் வழி. தப்பாக வாங்கினால் கூடைதான்.

ராயபுரத்துக் கடைக்காரர் தின்னவேலிப் பக்கத்து அண்ணாச்சி. முதலில் ஒரு சின்ன வண்டியைக் காட்டினார். அஞ்சலைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அவள் முகம் பெட்ரோமாக்ஸ் மாதிரி எரிந்தது. நீ அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"இது தை வரைக்கும் தாங்கும். அப்பால இன்னா பண்றது? நண்டு ஓட்டுமா?"

அடுத்து இரண்டு பெரிய வண்டிகள், இரண்டுமே ஒரு கை மாறியவை. படகுப் பலகையைத் தட்டுவதுபோல ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாய். பிறகு நாக்கை நீட்டினாய். அண்ணாச்சி பதறிப்போனார்.

"ஏய்யா! அது கருப்பட்டி இல்லவே, சைக்கிளு!"

"தெர்யுது நைனா. உப்பு ஏறிக்கீதான்னு பாக்கறேன்."

இரண்டும் கடலுக்குத் தூரமாக ஓடிய வண்டிகள், உப்பு தொடாதவை என்று தேறியது. அண்ணாச்சி அதற்குள் உன்னை ஒரு சித்தர் என்று முடிவு கட்டி, பணிவாகக் கேட்டார்: "பொம்பளப் பிள்ளைக்குத்தான? அப்பம் பார் இல்லாதத எடும். பார் வச்சது ஆம்பளையளுக்கு."

நம் குப்பத்தில் பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் பாறை. பார் இருக்கும் இடத்தில்தான் மீன் கூடும். பார் தெரிந்தவன் வீட்டில்தான் உலை கொதிக்கும். அண்ணாச்சி சொன்ன பாரோ, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே குறுக்கே ஓடுகிற இரும்புக் குழாய். நீ நெஞ்சை நிமிர்த்தினாய்.

"பாரு இல்லாத எடத்துல இன்னா நைனா கெடைக்கும்? பாரு கீறத குடு."

எனக்கு அண்ணாச்சியின் பார் தெரியும். பாவாடை கட்டிய பெண் அதைத் தாண்டி ஏற முடியாது என்றும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மச்சான், அந்த வண்டியில் நான் ராயபுரம் கிடங்கு வேலைக்குப் போவதையும், வழியெல்லாம் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு என் அழகைப் பார்ப்பதையும், ஹார்பரில் கப்பல்கள் எனக்காகச் சங்கு ஊதுவதையும் மனசுக்குள் பார்த்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை அஞ்சலையைத் தூக்கி சீட்டில் வைத்தோம். கால் பெடலுக்கு ஐந்து விரல் மேலே தொங்கியது. அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"இது பொண்ணுக்கு வாங்குனதா, ஒட்டகத்துக்கு வாங்குனதா?"

அஞ்சலை அழவில்லை. கீழே இறங்கி, ஸ்லேட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கூடையின் பக்கம் நடந்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"எங்க போற நீ? வந்து பாரு மேல குந்து. மாமா மிதிப்பான். தெனம் ராயபுரத்துக்குத்தானே போறான் தொர."

"மச்சான்! உனக்கு இந்தப் பாரு தெரியுமா?"

"கடல் பாரும் தெர்யும், சைக்கிள் பாரும் தெர்யும். கடையில வாய மூடிகினு நின்னே பாரு, அதுவும் தெர்யும். கால் வளர்ற வரைக்கும் நீ இஸ்துகினு போ. வளந்தப்பறம் அவளே ஓட்டட்டும். ஒரு வண்டில ரெண்டு வண்டி."

அக்கா கூடையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். சிரிப்பை அடக்கியது முதுகில் தெரிந்தது.

கிடங்கில் பத்து மணிக்கு முன் என் முகத்தைப் பார்த்தவன் கிடையாது. அன்றிலிருந்து எட்டரைக்கே அங்கே நின்றேன். மேஸ்திரி எனக்குப் பேய் பிடித்துவிட்டதாக எண்ணி விபூதி கொண்டுவந்தார். எதிர்க்காற்றில் மூன்று மைல் மிதிப்பது என்பது மச்சான், இமயமலையை இடுப்பில் கட்டி இழுப்பது. அவள் பாரில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மடியில் புத்தகத்தை விரித்து, பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். ஆரம்பத்தில் காதில் ஈ புகுந்ததுபோல் இருந்தது. அவள் கால் சீக்கிரம் வளரட்டுமென்று என் தட்டிலிருந்த மீனையெல்லாம் அவள் தட்டுக்குத் தள்ளினேன். நீ கரையேறியதும் கேட்பாய்: "எத்தினி வெரல் பாக்கி?" நான் அவளைச் சுவரோரம் சீட்டில் ஏற்றி அளந்து சொல்வேன். நாலு. மூணரை. மூணு.

திருட்டுத்தனம் என்றேனே, கடைத் திருட்டுத்தனம் உனக்கு அன்றே தெரியும். இது தெரியாதது.

ஏழாம் வகுப்பு, ஆடி மாசம். ஒருநாள் அளந்தபோது அவள் பாதம் முழுசாகப் பெடலில் பதிந்தது. நீ வலையை உதறிக்கொண்டே கேட்டாய். "ஒரு வெரல் பாக்கி மச்சான்" என்றேன். அஞ்சலை என்னைப் பார்த்தாள். பாதத்தைப் பெடலிலிருந்து ஒரு விரல் மேலே தூக்கிக்கொண்டாள்.

எப்படி இறங்குவேன், சொல்? பாரில் உட்கார்ந்து அவள் படிப்பதில் மனித உடல் பாடம் நடந்துகொண்டிருந்தது. சோறு இரைப்பை வரைக்கும் வந்து நின்றிருந்தது. பாதியில் விட்டால் அது என்ன ஆயிற்று என்று எனக்கு யார் சொல்வார்கள்? சிறுகுடலுக்கு ஒரு வாரம் ஆனது. பெருங்குடலுக்கு இன்னும் நாலு நாள். அதுவும் முடிந்த மறுநாள் சுங்கச்சாவடிக்குக் கிட்டே வண்டியை நிறுத்தி இறங்கினேன். அவள் பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சீட்டில் ஏறிப் போனாள். கிடங்குக்கு நடந்தே போனேன்.

நான் மூன்றாவதோடு நின்றவன். ஆனால் இன்றைக்கும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தால், சோறு இப்போது எந்தத் திருப்பத்தில் போகிறது என்று சொல்லிவிடுவேன், மச்சான். இந்தக் கரையில் வேறு எவனுக்கும் அது தெரியாது.