நாலரை மில்லிமீட்டர்

செவ்வாய், வடமுனை நிலையம். எழுதுவது மருத்துவர் எஸ்தர். கண்டெடுப்பவர் யாரானாலும் படியுங்கள்.

நாள் 212. 08:10
தண்ணீர், காற்று சீராக உள்ளன. இங்கே நாங்கள் இருவர்தான். இன்பராஜ் தண்ணீர் எந்திரத்தைப் பார்ப்பவன். அவன் இடது காதுக்குள் எலும்பை அரிக்கும் கட்டி. மூளைப் பக்கம் போகிறது. காதுத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப்பை விட்டு எடுத்துவிடலாம். கருவியின் தடிமன் நான்கு மில்லிமீட்டர். ஸ்கேனில் துவாரத்தின் மிகக் குறுகிய இடத்தை அளந்தேன்: நாலரை. போதும்.

விதிப்படி இன்னொரு மருத்துவரும் அளந்து ஒத்துப்போக வேண்டும். பூமியில் இருக்கும் என் பேராசிரியர் வேதமாணிக்கத்துக்கு ஸ்கேனை அனுப்பினேன்.

நாள் 214. 19:40
பதில் இல்லை. நாளை முதல் பூமி சூரியனுக்குப் பின்னால் போய்விடும். இரண்டு வாரம் செய்தி வராது. விதியை விட்டால் நாளையே தொடங்கலாம். ஆனால் அவர் அளக்காத காதை நான் தொட்டதே கிடையாது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்றேன். இன்பராஜ் சிரித்தான்: "நாம இருக்கிறது செவ்வாய்லக்கா."

நாள் 220. 06:05
காய்ச்சல். துவாரத்தின் தோல் வீங்கிவிட்டது. புது ஸ்கேனில் மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை. கருவி நுழையாது. எலும்பைக் குடையும் டிரில்லை, எடை கூடும் என்று எங்களோடு ஏற்றவில்லை. அந்தப் புண்ணியவான்கள்மேல் ஆத்திரம். என்மேல் அதைவிட. வழி திறந்திருந்தபோது உட்கார்ந்திருந்தவள் நான்.

நாள் 223. 14:30
அவனுக்குப் பேச்சு குழறுகிறது. நெற்றி விளக்கை மட்டும் நம்பிக் காதுக்குள் போனேன். ரத்தம். எதுவும் தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "போதும்க்கா. விட்ருங்க."
விட்டுவிட்டேன்.

நாள் 224
இன்பராஜ் போய்விட்டான். மணி பார்க்கவில்லை.

நாள் 229. 11:15
தொடர்பு திரும்பியது. செய்தி:
"எஸ்தர், பொண்ணு கல்யாணத்துல மாட்டிக்கிட்டேன், கோவிச்சுக்காதம்மா. நானும் அளந்துட்டேன். நாலரைதான். தாராளமா ஆரம்பி. பயப்படாதேன்னு நான் சொன்னதா தம்பிகிட்ட சொல்லு."

குளிர் அறைக்குப் போய்ச் சொன்னேன். வலது பக்கம் குனிந்துதான் சொன்னேன். அவனுக்கு அந்தக் காதுதான் நன்றாகக் கேட்கும்.